இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, வண்டி நல்லாயில்லை

பழைய கார் பார்க்கப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நம் வழக்கம். மும்பையின் பாண்டுப்பில் அவர் பெரும்பாலும் முன்பு டாக்சி ஓட்டிய அண்ணாச்சியாக இருப்பார், இல்லையென்றால் கம்பெனி வண்டி ஓட்டும் மச்சானாக இருப்பார். போனதும் பானெட்டைத் திறப்பார். ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்ப்பார். ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்துக் காது கொடுத்துக் கேட்பார். பின்னால் போய் சைலன்சர் வாயில் கையை நீட்டிப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்: "இன்ஜின் கண்டிஷன்ல இருக்கு, தைரியமா எடுக்கலாம்." கதவுக்கு அடியில் துரு தெரிகிறதே என்று கேட்டால், "அது டென்டிங் பெயின்டிங் வேலை, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்பார். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதே என்றால், "அலைன்மென்ட் பண்ணா சரியாயிரும்" என்பார்.

இந்த மூன்று பேச்சையும் நான் மறுக்கிறேன். முதலாவது அரைகுறை. இரண்டாவது ஆபத்தானது. மூன்றாவது, நோய் என்னவென்று பார்க்காமலே மருந்து எழுதுவது. மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது: வண்டியின் உயிர் இன்ஜினில் இருக்கிறது, மற்றதெல்லாம் தகரமும் ரப்பரும், காசு கொடுத்தால் மாற்றிவிடலாம். பழைய காரில் உண்மை நேர் எதிர். மாற்ற முடிந்தது இன்ஜின்தான். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் தேடினால் கழற்றிய இன்ஜின் கிடைக்கும், இரண்டு நாளில் இறக்கி ஏற்றிவிடலாம். உடம்பு அரித்துப்போன காருக்கு எந்தக் கடையிலும் உடம்பு கிடைக்காது.

இந்த நம்பிக்கை முட்டாள்தனத்தில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு காலம் இருந்தது. நம் ஊரில் கார் என்றால் அம்பாசிடர் அல்லது பத்மினி. பத்மினி பிறந்த இடம் நமக்கு ஐந்தாவது ஸ்டேஷன், நம் வழியாகவும் போகும் இதே எல்.பி.எஸ். மார்க் சாலையில், குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை. 1964-இல் ஃபியாட் 1100 டிலைட் என்று வந்த வண்டிதான் 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, மும்பையின் கருப்பு மஞ்சள் டாக்சியாகப் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்தக் காலத்தில் போர் தேயும், ரிங் போகும், ரேடியேட்டர் கொதிக்கும். ரீபோர் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். தகரம் கனமாக இருந்தது, தகர வேலைக்குக் கூலி குறைவாக இருந்தது. ஆகவே, 'இன்ஜினைப் பார், மற்றதைப் பிறகு பார்க்கலாம்' என்றவர் சரியாகத்தான் சொன்னார். டாக்சி ஆண்டுதோறும் ஃபிட்னஸ் சோதனைக்குப் போயாக வேண்டும் என்பதால், அடியில் பொத்தல் விழுந்தால் யாராவது ஒருவர் கண்ணில் அது படவும் வாய்ப்பு இருந்தது.

அந்த நிலைமை போய்விட்டது, பேச்சு மட்டும் போகவில்லை. இன்று நாம் கைமாற்றி வாங்கும் சின்னக் கார்களின் இன்ஜின்கள் ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிடும். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது, 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கும் கூடோ மொத்தமாக 650 கிலோ அளவில் நிற்கும் மெல்லிய தகரக் கூடு. இன்ஜின் நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது, கூடு பெறவில்லை. அப்படியிருக்க எதை முதலில் பார்க்க வேண்டும்?

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. "பாடிதான் துரு, சேசிஸ் கல்லு மாதிரி இருக்கு" என்று விற்கிறவர் சொல்வார், வாங்குகிறவர் தலையாட்டுவார். ஜீப்பிலும் பொலேரோவிலும் சுமோவிலும் அது அர்த்தமுள்ள பேச்சு. அவற்றில் இரண்டு நீளச் சட்டங்கள் தனியாக ஓடும், பாடி அதன்மேல் போல்ட்டில் உட்காரும். மாருதி 800, சென், ஆல்டோ, சான்ட்ரோ எதிலும் அப்படியொரு தனிச் சேசிஸ் கிடையாது. நாம் பெரிதாகப் பேசும் அம்பாசிடரிலும் பத்மினியிலும்கூடக் கிடையாது. தரைத்தகடு, கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டு பெட்டி, இன்ஜினுக்கு இருபுறமும் நிற்கும் ஏப்ரன், முன்னால் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர், இவை சேர்ந்ததுதான் சேசிஸ். கதவடியில் தெரியும் துரு சேசிஸில் தெரியும் துரு. அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது எலும்பு முறிவை மறைத்துச் சட்டை போடுவது.

பாண்டுப்பில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்குக் கிழக்கே தானே கழிமுகமும் உப்பளங்களும். காஞ்சுர்மார்க்கிலிருந்து முலுண்டு வரை அந்த வெள்ளைப் பாத்திகளை ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். மேற்கே குன்றுச் சரிவு. மழைக்காலத்தில் அங்கிருந்து இறங்கும் தண்ணீர் சந்துகளில் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் வயிறு வரை ஏறும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பங்கு நான்கே மாதத்தில். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸ் கருவி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் காட்டியதே, அன்று இரவு முழுக்கத் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை! இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்புச் சேர்ந்தால் வேகம் பன்மடங்காகும். சக்கர வளைவுக்குள் அப்பிய சேறு அந்த உப்பு ஈரத்தை மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளை ஒட்டவைத்திருக்கும் ஸ்பாட் வெல்டை அதுவே நெம்பிப் பிரித்துவிடும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். "கொஞ்சம்தான் துரு" என்று சொல்கிறவர் அந்தக் கொப்புளத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

எல்.பி.எஸ். மார்க்கை ஒட்டிய ஒரு சந்து கேரேஜில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2004 மாடல் மாருதி 800. உரிமையாளர் தென்காசிப் பக்கத்துக்காரர், ஊருக்கே எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம் என்று வாங்கியவர். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது என்று அலைன்மென்ட் செய்தார், டயர் மாற்றினார், மறுபடி அலைன்மென்ட் செய்தார். ஒவ்வொரு கடையும் ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுத்து அனுப்பியது. இந்த மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். அடி முழுக்கப் புதுத் தார்ப்பூச்சு, கருகருவென்று அழகாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த சத்தம், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இடப்பக்க லோயர் ஆர்ம் போல்ட்டுக்கு ஒரு சாண் முன்னால் டொப் என்று செத்துப்போனது. அங்கே பூச்சைச் சுரண்டினார். தார் தோலாக உரிந்தது. அதற்குப் பின்னால் அப்பள அடுக்காகச் செம்பழுப்புச் செதில்கள், ஈரத்தோடு. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், கைப்பிடி வரை உள்ளே போனது. "அண்ணாச்சி, ஆர்ம் நல்லாருக்கு, புஷ் நல்லாருக்கு. ஆர்ம் நிக்கிற இடந்தான் இல்லை" என்றார். உரிமையாளர் வெகுநேரம் பேசவில்லை.

முன் சஸ்பென்ஷன் கோளாறை வண்டி உடம்பிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பால் ஜாயின்ட், புஷ், ஷாக் அப்ஸார்பர் எல்லாமே ஏதோ ஒரு தகட்டில் நிற்கின்றன. அந்தத் தகடு அசைந்தால் புதுப் புஷ் என்ன செய்யும்?

அலைன்மென்ட் கடைக்காரர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்ன வண்டிகளில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் ஒரே தூணாக நிற்கும், அதுதான் மெக்ஃபர்சன் ஸ்டிரட். இவற்றில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு, ஒன்றுதான். சக்கரத்தின் சாய்வான கேம்பரும், ஸ்டீயரிங் அச்சின் சாய்வான காஸ்டரும் கம்பெனி வைத்தபடி. திருக இடம் கிடையாது. அலைன்மென்ட் இயந்திரத்தின் திரையில் கேம்பர் சிவப்பாக நின்றால் அது பாகம் வளைந்ததற்கோ, ஸ்டிரட்டின் தலை உட்காரும் ஏப்ரன் உள்ளே சாய்ந்ததற்கோ அடையாளம். கடைக்காரர் டோவை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்து பில் போடுவார். அந்தக் காகிதத்தில் நோய் அச்சாகியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? முதலில் இழுப்பு எப்போது வருகிறது என்று கேளுங்கள். எப்போதும் ஒரே பக்கம் சீராக இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். பிரேக்கில் மட்டும் இழுத்தால் கேலிப்பர் பிடித்திருக்கலாம், அதைச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியே கண்டுபிடித்துவிடலாம். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கமும் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கமும் போனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சக்கரமே முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஒருவர் வண்டியை நடை வேகத்தில் உருட்டிப் பிரேக்கைத் தட்டட்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று சக்கரத்துக்கும் ஃபெண்டர் வளைவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். இடைவெளி மாறுவது கண்ணுக்கே தெரியும். புஷ் போயிருந்தாலும் மாறும், புஷ்ஷைப் பிடித்த தகடு போயிருந்தாலும் மாறும். கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ரப்பர் மட்டும் நசுங்கினால் பிழைத்தீர்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள தகரமும் சேர்ந்து மூச்சுவிட்டால், புஷ் கிட் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஆட்டம் இருந்தால் உடனே "பேரிங்" என்று விடுகிறார்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டோ ஸ்டிரட்டோ. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டையும் ஸ்டீயரிங் ரேக்கையும் பாருங்கள். எங்கே ஜாக்கி வைப்பது என்பதும் முக்கியம். மெக்ஃபர்சன் வண்டியில் பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிங் லோயர் ஆர்மில் உட்காரும் பழைய வண்டிகளில் அந்த ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கி வைத்தால்தான் பால் ஜாயின்ட்டின் மேலுள்ள பாரம் இறங்கி ஆட்டம் வெளியே வரும். தப்பான இடத்தில் தூக்கிவிட்டு "ஆட்டமே இல்லை" என்று சொல்லும் நல்ல மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினை விட்டுவிட்டு ஸ்டிரட்டின் தலையைப் பாருங்கள். ஏப்ரனில் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா? அங்கே கையை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இருபக்கமும் திருப்பச் சொல்லுங்கள். ரப்பர் சுழலலாம், தகரம் நெளியக் கூடாது. பேட்டரி இருக்கும் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள், சிந்திய ஆசிட் அங்கே வேலை செய்திருக்கும். ஜாக்கியில் தூக்கியபடியே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நன்றாக மூடிய கதவு தூக்கியதும் உரசினால் ரன்னிங் போர்டு வலுவிழந்துவிட்டது. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைப் பிழியுங்கள். சீட் பெல்ட் போல்ட் நிற்கும் இடம் அந்த ஈரத்துக்குள்தான் இருக்கிறது. கடைசியாக, சமதளத் தரையில் ஒரு தூக்குநூலும் சாக்பீஸும் போதும். இரண்டு பக்க லோயர் ஆர்ம் போல்ட்டிலிருந்தும், பின்னச்சைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டிலிருந்தும் நூலைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டுக் குறுக்கே குறுக்கே டேப் பிடித்து அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். விரல் அகலம் வித்தியாசம் என்றால் அந்தக் கூடு எப்போதோ முறுக்கிக்கொண்டுவிட்டது. கொத்தனார் கட்டடத்துக்கு மூலைமட்டம் பார்க்கும் அதே கணக்குதான், லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை.

தார்ப்பூச்சுக்கு வருகிறேன். "அண்டர்பாடி கோட்டிங் அடிச்சாச்சு, இனி கவலை இல்லை" என்பது இந்த ஊரில் வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. புது வண்டியில், சுத்தமான தகட்டில் அடித்தால் பயன் உண்டு. துருவின்மேல் அடித்தால் உள்ளிருக்கும் ஈரத்தையும் உப்பையும் பூட்டிவைக்கும். அதைவிடக் கெடுதல், தட்டினால் வரும் சத்தத்தையும் மந்தமாக்கிவிடும், கண்ணையும் கட்டிவிடும். விற்கும் வாரத்தில் அடித்த கருப்புப் பூச்சு விலையைக் குறைக்க வேண்டிய அடையாளம். பெட்டிச் சட்டங்களுக்கு வேண்டியது வேறு: வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, நன்றாகக் காயவிட்டு, உள்ளே மெழுகோ மெல்லிய எண்ணெய்க் கலவையோ பீய்ச்சுவது. செலவு மிகக் குறைவு. வெளியே தெரியாத வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை.

இதற்கு இரண்டு பதில்கள் வரும் என்று தெரியும். ஒன்று: மும்பை நெரிசலில் முப்பதில் போகும் வண்டிக்கு என்ன ஆகிவிடும்? சஸ்பென்ஷன் தகட்டைக் கிழிப்பது வேகம் மட்டும் இல்லை, பள்ளமும்தான். ஜூலை மாதத்து எல்.பி.எஸ். மார்க்கில் முன் சக்கரம் ஒரு குழியில் விழும் அடி அந்த லோயர் ஆர்ம் போல்ட்டின்மேலும் ஸ்டிரட் தலையின்மேலும்தான் இறங்குகிறது. மேலும், அதே வண்டியில்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறோம், அங்கே வேகம் முப்பது இல்லை.

மற்றது கனமான பதில்: ஏழை வீட்டு வண்டி, இவ்வளவு பார்த்தால் யாரால் வாங்க முடியும்? இதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் மேலே சொன்ன சோதனைகளில் எதற்குக் காசு? ஜாக்கி, ஸ்க்ரூடிரைவர், நூல், ஒரு மணி நேரம். ஏழை வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவை, ஏனென்றால் தப்பான வண்டியை வாங்கிவிட்டு இன்னொன்றை வாங்க அவர்களால் முடியாது. உள்ளங்கை அளவு பொத்தலைச் சுற்றி நல்ல தகரம் வரும்வரை வெட்டியெறிந்து, அதே கனத்தில் தகடு வைத்து முழுவதும் வெல்ட் செய்வது நேர்மையான வேலை, தாங்கக்கூடிய செலவு. இரண்டு மழை கழித்துச் செய்தால் வெல்ட் பிடிக்கவே நல்ல தகரம் இருக்காது. அரிப்பு ரன்னிங் போர்டோடு நின்றிருந்தால் வண்டியைக் காப்பாற்றலாம். லோயர் ஆர்ம் நிற்கும் இடமும் ஸ்டிரட் தலையும் சேர்ந்து போயிருந்தால், இன்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் விட்டுவிடுங்கள். அந்த இன்ஜினைக் கழற்றி விற்றால் கொஞ்சம் காசு தேறும்.

இன்ஜின் பெருமை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு வெளியுலகில் இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. 1980-இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் சப்ஃபிரேமின் பிடிப்பிடம் துருவில் அரித்துப்போவது அம்பலமாகி, கம்பெனியே கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்ஜின் குறையில்லாதது, அதைப் பிடித்திருந்த தகரம்தான் போனது. அந்த நாட்டில் லான்சியாவின் பெயர் அதற்குப் பிறகு எழவே இல்லை. அடுத்தது டொயோட்டா டகோமா. சாகாத இன்ஜின் என்று பெயர் வாங்கிய அந்த பிக்கப்பின் 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் ஃபிரேம் ஓட்டை விழுந்தது. 2008-இல் டொயோட்டா ஃபிரேமுக்கு 15 ஆண்டு உத்தரவாதம் நீட்டித்து, மோசமானவற்றைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிற்கால மாடல்களுக்காக 2016-இல் அது ஒப்புக்கொண்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகும் என்று கணக்கிடப்பட்டது.

நம் அரசும் இதே பிழையை வேறு விதத்தில் செய்கிறது. உரிமையாளர் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார், அரசு காலண்டரைப் பார்க்கிறது. சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டு வரை பியூசி புகைச் சோதனை தவிர எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. அடியில் தரையே இல்லாவிட்டாலும் புகை சுத்தமாக இருந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். டாக்சிக்கு 20 ஆண்டு என்று மும்பையில் வரம்பு வைத்தார்கள். 2003 அக்டோபரில் தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பத்மினி 2023 அக்டோபரோடு தெருவை விட்டுப் போனது. அந்த நாளில் அதன் தகரம் எப்படி இருந்தது என்பது கேள்வியாகவே எழவில்லை. மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற முப்பது வயது வண்டி தட்டினால் மணிபோல் ஒலிக்கும். நம் உப்பளக் காற்றில் பன்னிரண்டு வயது வண்டி பொத்தலாகியிருக்கும். இரண்டையும் பிறந்த தேதியால் அளப்பது என்ன நியாயம்? பிரிட்டனில் 1960-இலிருந்து கட்டாயச் சோதனை இருக்கிறது. இப்போது மூன்று வயது தாண்டிய ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் போக வேண்டும். சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உலோகம் துருவால் வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. சோதிப்பவர் கட்டைவிரலால் அழுத்துகிறார், லேசாகத் தட்டிக் கேட்கிறார். நம் சந்து மெக்கானிக் செய்த அதே காரியம்.

இங்கே 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாய்க்குப் பதில் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. அந்தப் பணத்தைக் கொடுக்க நான் தயங்கவில்லை. ஆனால் அதை வாங்கும் ஆர்.டி.ஓ.காரர்கள் வண்டியை ஒரு முறை பிட்டின் மேல் நிறுத்தி, நான்கு சஸ்பென்ஷன் பிடிப்புகளையும் தட்டிப் பார்த்து, எது நல்லது எது கெட்டது என்று எழுதிக் கொடுக்கட்டும். ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அதையே செய்யட்டும். அந்தத் தாள் ஆர்.சி. புத்தகத்தோடு கைமாறினால், அடுத்து வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பார்.